விடியக்காலைல மட்டும் அலறுன கார் அலாரம்: ஒரு முழு கேஸ்

ஒரு செடான் கார், அஞ்சு வருஷம் ஓடுனது. கம்பெனில வந்த அலாரம் இல்ல, வெளிய வாங்கி மாட்டுனது. ரெண்டு வாரமா ராத்திரில தானா அலறுது. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே வேற ஒரு இடத்துல ஷாக் சென்சார (வண்டில தட்டுனா, இடிச்சா அதிர்வ பிடிக்கற பொருள்) ரெண்டு தடவ மாத்தியாச்சு, பேட்டரி வீக்குன்னு சொல்லி பேட்டரியும் மாத்தியாச்சு, கடைசில சென்சிட்டிவிட்டி ஸ்க்ரூவ ஒரேயடியா கொறச்சு விட்டுட்டாங்க, அப்புறமும் அலறுது. அக்கம்பக்கத்துல எல்லாரும் தூக்கம் கெட்டு கேக்க ஆரம்பிச்சதும் மனுஷன் அலாரமே போடாம வண்டிய நிறுத்த ஆரம்பிச்சுட்டார். இத இவ்வளவு விலாவாரியா எழுதுறதுக்கு காரணம் இருக்கு, இதே மாதிரி கேஸ் வேற வேற வண்டில திரும்ப திரும்ப வருது, ஒவ்வொரு தடவையும் பழி விழுறது ஷாக் சென்சார் தலைலதான், எந்த ஸோன் (கதவு, பானெட், ஷாக் சென்சார்னு அலாரம் தனித்தனியா காவல் காக்குற பகுதி) அலற வெச்சுதுன்னு அலாரத்துகிட்டயே கேட்டு தெரிஞ்சுக்கலாம்ங்கறத யாரும் யோசிக்கறதில்ல.

வண்டிய தொடுறதுக்கு முன்னாடி உக்காந்து பேசுனேன்.

"சார், அலறும்போது முதல்ல கீச் கீச்னு சின்னதா கத்திட்டு அப்புறம் சைரன் வருதா, இல்ல எடுத்த எடுப்புலயே முழு சைரனா?"

"எடுத்த எடுப்புலயே முழு சைரன்தான் தம்பி. கீச்சுங்கற பேச்சே இல்ல."

"எத்தன மணிக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கு, வீட்டுல நோட்டுல குறிச்சே வெச்சிருக்காங்க."

அந்த நோட்டுதான் இந்த கேஸ்ல எனக்கு கெடச்ச பெரிய உதவி. 4:10, 4:55, 5:20, திரும்ப 4:30ன்னு வரிசையா இருக்கு, நள்ளிரவுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான், அது ராத்திரி 8 மணி, பக்கத்துல "சாயங்காலம் வண்டி கழுவுனது"ன்னு எழுதிருக்காங்க. நடுவுல ரெண்டு நாள் அலறவே இல்ல, அந்த ரெண்டு நாளுக்கு நேரா "மேகமூட்டம், காத்து"ன்னு இருக்கு. இவ்வளவு அழகா குறிச்சு வெச்ச கஸ்டமர நான் அதிகம் பாத்ததில்ல. இன்னொண்ணும் சொன்னார், அலறுனதும் போய் ஆஃப் பண்ணிட்டு திரும்ப லாக் பண்ணா எப்பவும் வர்ற சத்தத்தோட ஒரு கீச் கூட வருதாம், அவரு அத பெருசா எடுத்துக்கல.

இந்த மூணு தகவல வெச்சே பாதி தூரம் போயிடலாம். வானம் தெளிவா, காத்து இல்லாம இருக்குற ராத்திரிலதான் தகடு தன் சூட்ட விட்டுட்டு நல்லா குளுந்து அது மேல பனி பிடிக்கும், விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் அது அதிகமா இருக்கும். மேகம் மூடுனாலோ காத்து அடிச்சாலோ பனி அவ்வளவா பிடிக்காது. வண்டி கழுவுன அன்னைக்கும் அலறுதுன்னா விஷயம் குளிர் இல்ல, தண்ணி. அந்த ஒரு கீச் கூட வர்றது, "லாக் பண்றேன், ஆனா ஏதோ ஒரு ஸோன் இன்னும் தெறந்தே இருக்கு, அத விட்டுட்டு மத்தத மட்டும் காவல் காக்கறேன்"னு அலாரம் சொல்றது. நெறைய யூனிட்ல இந்த பழக்கம் உண்டு. ஷாக் சென்சார் ஒரு கணம் அடி வாங்கி அடங்கிடும், அப்படி தெறந்தே இருக்காது. தெறந்தே இருக்குறது சுவிட்ச் மாதிரி ஒரு பொருள், அதாவது கதவு, பானெட், இல்லேன்னா டிக்கி.

ஷாக் சென்சார் எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா ஏன் அது மேல சந்தேகம் வரலேன்னு புரியும். பெரும்பாலானதுல உள்ள ஒரு பியசோ தகடு இருக்கும், அதிர்வு வந்தா சின்ன வோல்ட்டேஜ் குடுக்கும், அத ஒரு சர்க்யூட் ரெண்டு அளவா பிரிக்கும். மெதுவா தட்டுனா முதல் ஸ்டேஜ், நாலஞ்சு கீச் மட்டும். பலமா அடிச்சா ரெண்டாவது ஸ்டேஜ், முழு சைரன். ரெண்டாவது ஸ்டேஜுக்கு போற அளவு அதிர்வு தினம் விடியக்காலைல வருதுன்னா, சில நாளாவது முதல் ஸ்டேஜோட நின்னு கீச் மட்டும் கேட்டிருக்கணும். ரெண்டு வாரத்துல ஒரு தடவ கூட கேக்கல.

ஆனா ஊகம் ஊகம்தான், அலாரத்தோட வாயாலயே சொல்ல வைக்கணும். டேஷ்போர்டுல மின்னுற அந்த எல்இடி அலங்காரத்துக்கு வெச்சது இல்ல. சைரன் அடிச்ச பிறகு ஆஃப் பண்ணிட்டு பாத்தா எந்த ஸோன் ட்ரிகர் ஆச்சுன்னு எண்ணிக்கைல மின்னி காட்டும், இக்னிஷன் போட்டதும் அது அழிஞ்சிடும். அதனாலதான் பல பேரு பாக்கறதே இல்ல, ஆஃப் பண்ண ஒடனே சாவிய போட்டு ஸ்டார்ட் பண்ணி பாக்குறாங்க, சாட்சி போயிடுது. எத்தன மின்னுனா எந்த ஸோன்ங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், இந்த வண்டிக்கு மேனுவலும் இல்ல. மேனுவல் இல்லேன்னா நானே ஒரு பட்டியல் போட்டுக்குவேன். கண்ணாடிய எறக்கி வெச்சுட்டு லாக் பண்ணி, ஒரு நிமிஷம் காத்திருந்து, உள்ள கைய விட்டு கதவ தெறந்தேன், சைரன் அடிச்சுது, ஆஃப் பண்ணி எண்ணுனேன், 3. அதே மாதிரி உள்ள இருந்தே லீவர இழுத்து பானெட்ட தெறந்தப்போ 4. டிக்கிக்கும் 4. ஷாக் சென்சார் எத்தனன்னு பாக்க பில்லர்ல (கூரைய தாங்குற தூண்) கையால தட்டுனேன், ஒண்ணுமே நடக்கல. இன்னும் பலமா தட்டுனேன், அப்பவும் ஒண்ணும் இல்ல. ஸ்க்ரூவ அவ்வளவு கொறச்சு வெச்சிருந்தாங்க. அதாவது அந்த வண்டி தினம் அலறிகிட்டே இருந்துது, ஆனா எவனாவது நிஜமாவே கண்ணாடிய ஒடச்சிருந்தா அதுக்கு தெரிஞ்சிருக்கவே செஞ்சிருக்காது. எனக்கு இதுலதான் கோவம் வந்துச்சு. ஸ்க்ரூவ கொஞ்சம் ஏத்தி தட்டுன பிறகு 2ன்னு காட்டுச்சு.

பட்டியல ஒரு பேப்பர்ல எழுதி குடுத்து, "சார், இன்னைக்கு ராத்திரி அலறுனா சாவி போடாதீங்க, ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டு எல்இடிய மட்டும் எண்ணுங்க"ன்னு சொல்லி அனுப்புனேன். மறுநாள் காலைல ஃபோன். "தம்பி, நாலு. நல்லா எண்ணிட்டேன், நாலுதான்."

சரி, பானெட் இல்ல டிக்கி. ரெண்டு சுவிட்சும் ஆளுக்கு ஒரு டயோடு (கரண்ட ஒரே பக்கம் மட்டும் விடுற பொருள்) வழியா ஒரே இன்புட் வயர்ல சேருது, இது சகஜமான வயரிங்தான், டயோடு இல்லேன்னா ஒண்ணு இன்னொண்ண தொந்தரவு பண்ணும். வண்டிய வாங்கி வெச்சுகிட்டு முதல்ல அடிப்படைய பாத்துட்டேன். பேட்டரி ராத்திரி முழுக்க நின்ன பிறகு 12.5 வோல்ட், குறையே இல்ல. நிறுத்தி வெச்ச வண்டி எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு மீட்டர பேட்டரி வயருக்கு நடுவுல, சீரியஸ்ல போட்டு பாத்தேன், அதுக்கு கதவ தெறந்து வெச்சு லாட்ச ஸ்க்ரூடிரைவரால மூடி, வண்டில இருக்குற கன்ட்ரோல் யூனிட் எல்லாம் தூங்கப் போகுற வரைக்கும் அர மணி நேரத்துக்கு மேல காத்திருக்கணும், ஒடனே பாத்தா பெரிய நம்பர் வந்து ஏமாத்தும். 35 மில்லி ஆம்பியர், இது சாதாரணம்.

அடுத்து அலாரம் யூனிட்டோட எர்த், அதாவது வண்டி தகட்டோட சேர்ற நெகட்டிவ் இணைப்பு. டேஷ்போர்டுக்கு கீழ பெயின்ட் அடிச்ச ஒரு ஸ்க்ரூல முடுக்கி விட்டிருந்தாங்க, சைரன் அடிக்கும்போது யூனிட் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல 0.6 வோல்ட் காட்டுச்சு, 0.1க்கு கீழ இருக்கணும். பெயின்ட சுரண்டி தகடு பளபளன்னு தெரியுற எடத்துல ரிங் டெர்மினல் போட்டு முடுக்குனேன், 0.03க்கு வந்துடுச்சு. இது இந்த கேஸோட குற்றவாளி இல்ல, ஆனா பாத்துட்டு விடக்கூடாது.

இப்ப அந்த 4ம் நம்பர் இன்புட். இது நெகட்டிவ் ட்ரிகர். யூனிட்டுக்குள்ள இருந்து ஒரு ரெசிஸ்டர் (கரண்ட தடுத்து கொறைக்கற பொருள்) வழியா இந்த வயர பன்னெண்டு வோல்ட் பக்கம் இழுத்து பிடிச்சிருப்பாங்க, பானெட் தெறந்தா அதோட பின் சுவிட்ச் (மூடுனா அமுங்கற ஊசி மாதிரி சுவிட்ச்) வயர எர்த்துல சேத்துடும், வோல்ட்டேஜ் கீழ விழும், அலாரம் அடிக்கும். மூடி இருக்கும்போது அளந்தா 11.9 வோல்ட். அந்த உள் ரெசிஸ்டர் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர வெச்சேன், வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட பாதியாச்சு, ஆக உள்ளயும் 10 கிலோ ஓம்தான். அப்புறம் அதே எடத்துல ஒரு பொட்டென்ஷியோமீட்டர (திருப்பி அளவ மாத்தக்கூடிய ரெசிஸ்டர்) வெச்சு மெதுவா திருப்பிகிட்டே வந்தேன், 4 வோல்ட் பக்கத்துல வந்ததும் சைரன். இது ஏன் முக்கியம்னா, இந்த இன்புட்ட ஏமாத்த முழு ஷார்ட் தேவையே இல்ல, அஞ்சு கிலோ ஓம் அளவுக்கு ஒரு ஈரம் போதும், அதுல ஓடுற கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர் கூட கெடையாது. டெஸ்ட் லாம்ப் (வயர்ல கரண்ட் இருந்தா எரியுற சின்ன பல்பு) வெச்சு தேடுறவங்க கண்ணுல இது படவே படாது, லாம்ப் எரியறதுக்கு இத விட நூறு மடங்குக்கு மேல கரண்ட் வேணும். முன்னாடி பாத்தவங்க லாம்ப் வெச்சு பாத்துட்டு வயரிங் சரியா இருக்குன்னு சொன்னது இதனாலதான்னு நெனைக்கறேன். அலாரம் வேலைக்கு டிஜிட்டல் மீட்டர்தான். லாம்ப எடுத்துகிட்டு தெரியாத வயர் எல்லாம் குத்தி பாக்கறது ஆபத்தும் கூட, மஞ்ச கலர் ஏர்பேக் வயர் பக்கம் தப்பித்தவறி கூட போகக்கூடாது.

டிக்கி பக்க வயர கழட்டி வெச்சுட்டு பானெட் பின் மேல ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணிய பனி மாதிரி அடிச்சேன். 11.9ல இருந்து 11.4, அவ்வளவுதான். பின்னோட ரப்பர் நல்லா இருந்துது, துருவும் இல்ல, பானெட் மூடும்போது கால் இன்ச்சுக்கு மேலயே அமுங்குது, அது கம்மியா இருந்தா காத்துக்கே பானெட் ஆடி சுவிட்ச் தொட்டு தொட்டு விடும். டிக்கி பக்கமும் மாட்டி அங்க தண்ணி அடிச்சு பாத்தேன், அசையல. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் தேடி ஒண்ணும் கெடைக்கல. இதுல என் தப்பு ஒண்ணு இருக்கு, சுவிட்ச் இருக்குற ரெண்டு முனைய மட்டும்தான் நனச்சேன், நடுவுல வயர் எந்த வழியா போகுதுன்னு கையால தடவி பாக்கல.

பகல்ல மாட்டலேன்னா ராத்திரிலதான் பிடிக்கணும். டிக்கி வயர திரும்ப கழட்டிட்டு, யூனிட் கனெக்டர் பின்பக்கமா மீட்டர் ப்ரோப செருகி, மின் மேக்ஸ் மோட்ல போட்டு (வந்ததுலயே கொறஞ்ச அளவயும் அதிக அளவயும் மீட்டர் ஞாபகம் வெச்சுக்கும்), மீட்டர் தானா ஆஃப் ஆகாத மாதிரி பாத்துகிட்டு, வண்டிய தெறந்த வெளில நிறுத்தி லாக் பண்ணிட்டேன். சைரன் வயர மட்டும் கழட்டிட்டேன், அலறுனா எல்இடி சொல்லும், ஊர எழுப்ப வேண்டாம். காலைல அஞ்சர மணிக்கு போய் பாத்தேன். வண்டி முழுக்க பனி, முன் கண்ணாடில இருந்து கோடு கோடா வழிஞ்சு இறங்கிருக்கு. மீட்டர்ல மினிமம் 2.6 வோல்ட். எல்இடில 4. அந்த நேரத்துல ஓடிகிட்டு இருந்த அளவு 3.1, மெதுவா ஆடிகிட்டே இருக்கு. 2.6க்கு கணக்கு போட்டா எர்த்துக்கு ஏறக்குறைய 2.8 கிலோ ஓம் கசிவு. டிக்கிய ஏற்கனவே கழட்டி இருந்ததால பானெட் வயர் வழிதான், சந்தேகமே இல்ல.

ப்ரோப எடுக்காம, மீட்டர பாத்துகிட்டே வயர பானெட் பின்ல இருந்து பின்னாடி பிடிச்சுகிட்டு போனேன். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகடு) ஓட்டைக்கு போற வழில, வைப்பருக்கு கீழ இருக்குற பிளாஸ்டிக் கிரில்லுக்குள்ள வயர் மறையுது. கிரில்ல தூக்குனதும் தெரிஞ்சுடுச்சு. அலாரம் மாட்டுனவங்க கிட்ட வயர் நீளம் பத்தல போல, அங்க ஒரு துண்டு வயர சேத்து கைல முறுக்கி கருப்பு டேப் சுத்தி விட்டிருக்காங்க. அஞ்சு வருஷ வெயில்ல டேப்போட பசை உருகி வழிஞ்சு டேப் பாதி பிரிஞ்சு தொங்குது, உள்ள செம்பு பச்ச பூத்து கெடக்கு, ஒரு இழை வெளிய நீட்டிகிட்டு பக்கத்துல இருக்குற தகட்டு மேல படிஞ்ச சேறுல உக்காந்திருக்கு. அந்த சேறு காஞ்சிருக்கும்போது கரண்ட விடாது. கண்ணாடில வழியுற பனித்தண்ணி எல்லாம் நேரா இந்த பள்ளத்துக்குதான் வருது, சேறு நனஞ்சா அதுல இருக்குற உப்போட சேந்து அது ஒரு ரெசிஸ்டர் ஆயிடும். விரலால அந்த இழைய சேத்த விட்டு தூக்குனேன், மீட்டர்ல 3.1 இருந்தது ஒரே தாவா 11.8. திரும்ப வெச்சேன், 3.4. அந்த நம்பர் தாவுனத பாத்தப்போ வந்த நிம்மதி, இந்த வேல செய்யுற எல்லாருக்கும் தெரியும்.

சரி பண்ணுன விதம். செம்பு கருத்து போன வரைக்கும் வயர வெட்டிகிட்டே போனேன், பச்ச வெளில தெரியறது கொஞ்சம்தான், இன்சுலேஷனுக்குள்ள அது ரொம்ப தூரம் ஏறிருக்கும், ஒரு சாணுக்கு மேல போன பிறகுதான் பளிச்னு செம்பு வந்துச்சு. பின்ல இருந்து யூனிட் வரைக்கும் புது வயர் ஒரே துண்டா இழுத்தேன், இன்ஜின் பக்கம் ஜாயின்டே கெடையாது. கேபினுக்குள்ள வர்ற ஒரே ஜாயின்ட்ட சோல்டர் பண்ணி, உள்ள பசை இருக்குற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு சுருக்குனேன். ஃபயர்வால்ல ரப்பர் கிராமெட் வழியா நுழையுறதுக்கு முன்னாடி வயர கொஞ்சம் கீழ தொங்குற மாதிரி வளச்சு விட்டேன், வயர் மேல ஓடுற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், உள்ள போகாது. பள்ளத்துல இருந்த சேத்தையும் கழுவி, தண்ணி வெளிய போற ஓட்டைய குத்தி விட்டேன், அது அடச்சிருந்ததாலதான் அங்க சேறே சேந்திருக்கு.

அப்புறம் ஷாக் சென்சார். முன்னாடி பாத்தவங்க அத ஏசி காத்து போற பிளாஸ்டிக் குழாய் மேல ரெண்டு பக்க டேப்ல ஒட்டி வெச்சிருந்தாங்க. பிளாஸ்டிக் வண்டியோட அதிர்வ சரியா கடத்தாது, தானா ஒரு ஆட்டம் போடும், அதனால கண்ணாடில அடிச்சா தெரியாது, கதவ சாத்துனா தெரியும். நான் அத ஸ்டியரிங் காலத்த தாங்குற இரும்பு பட்டைல ரெண்டு கேபிள் டை போட்டு இறுக்கி கட்டுனேன். வண்டியோட நடுவுக்கு பக்கமா, எல்லா பக்கத்துல இருந்தும் அதிர்வு ஓரளவு சமமா வர்ற எடமா இருக்கணும். ஃபயர்வால் தகட்டுல நேரா ஸ்க்ரூ போட்டு மாட்டுனா அளவுக்கு மீறி கூர்மையாயிடும், லாரி போனாலே கத்தும்.

அட்ஜஸ்ட் பண்றதுலதான் பொறும வேணும். கண்ணாடி எல்லாம் ஏத்தி, லாக் பண்ணி, ஒரு நிமிஷம் முழுசா விடணும், லாக் பண்ண ஒடனே கொஞ்ச நேரம் சென்சார யூனிட் கண்டுக்காது, அந்த நேரத்துல தட்டிட்டு வேல செய்யலன்னு ஸ்க்ரூவ ஏத்துறவங்க நெறைய பேரு. உள்ளங்கையோட அடிப்பாகத்தால முன் பில்லர்ல தட்டணும், கண்ணாடில பலமா அடிக்க வேண்டாம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல அது அடங்க நேரம் குடுக்கணும். ஸ்க்ரூ முக்கா வட்டம்தான் சுத்தும், அதுக்கு மேல திருப்புனா உள்ள பிளாஸ்டிக் ஒடஞ்சிடும், ஊசி அளவு ஊசி அளவா திருப்பணும். நாலு மூலைலயும் தட்டி, மெதுவான தட்டுக்கு கீச், பலமான தட்டுக்கு சைரன், பக்கத்துல சத்தமான சைலன்சர் வெச்ச பைக் போனா அதிகபட்சம் கீச், இந்த அளவுல நிறுத்துனேன்.

இதெல்லாம் முடிஞ்சதும் வண்டிக்காரர் கேட்டார், "தம்பி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, உள்ள ஆள் நுழைஞ்சா காட்டுற சென்சார் ஒண்ணும் போட்டுடலாமா?" நியாயமான கேள்வி. ரெண்டு வகை இருக்கு. அல்ட்ராசோனிக் 40 கிலோ ஹெர்ட்ஸ் சுத்துல காதுக்கு கேக்காத சத்தத்த அனுப்பி காருக்குள்ள காத்து அசையறத பாக்கும், கண்ணாடிக்கு வெளிய என்ன நடந்தாலும் கவலப்படாது, ஆனா கண்ணாடி கொஞ்சம் எறங்கி இருந்தாலோ, மிரர்ல தொங்கவிட்ட பொருள் ஆடுனாலோ, உள்ள ஒரு பூச்சி பறந்தாலோ கத்தும். மைக்ரோவேவ் வகை காத்தயும் சூட்டயும் கண்டுக்காது, ஆனா கண்ணாடி வழியா வெளிய பாக்கும், பக்கத்துல நடந்து போறவங்களயும் பிடிக்கும், நெருக்கமா நிறுத்துற எடத்துல அது தினம் தொல்லை. இவரு வண்டி நிக்கறது ஆள் நடமாட்டம் இருக்குற எடம், மிரர்லயும் ஒரு பொருள் தொங்குது, அத கழட்ட மனசு இல்லேன்னார். அதனால இப்போதைக்கு வேண்டாம் சார்னு சொல்லிட்டேன். முதல்ல இருக்குறது ஒழுங்கா ஓடட்டும்.

வண்டிய குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு குவளை தண்ணிய முன் கண்ணாடி அடில மெதுவா ஊத்தி இன்புட்ட பாத்தேன், 11.9ல இருந்து நகரல. இன்னும் ரெண்டு ராத்திரி வெளில நிறுத்தி மின் மேக்ஸ் போட்டேன், ரெண்டு நாளும் நல்ல பனி, மினிமம் 11.7ம் 11.8ம். டிக்கி வயர மாட்டி, சைரன மாட்டி, எல்லா ஸோனயும் ஒரு தடவ வேணும்னே அடிக்க விட்டு எண்ணி பாத்தேன். 2 ஷாக், 3 கதவு, 4 பானெட் இல்ல டிக்கி, இத ஒரு லேபிள்ல எழுதி ஃப்யூஸ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிட்டேன், அடுத்து யாரு இந்த வண்டிய தெறந்தாலும் பட்டியல் கைல இருக்கும்.

மூணு வாரம் கழிச்சு ஃபோன் பண்ணார். ஒரு தடவ கூட சும்மா அலறல, ஒரே ஒரு ராத்திரி கீச் சத்தம் கேட்டு எட்டி பாத்தா யாரோ பைக்க திருப்பும்போது பம்பர்ல இடிச்சிருக்காங்க. அந்த நோட்ட இன்னும் வீட்டுல வெச்சிருக்காங்களாம், கடைசி வரில அந்த கீச்சையும் நேரத்தோட எழுதிருக்காங்க.